வருத்தம் உண்டு, வருத்தமில்லை

யாழ்ப்பாணத்தில் 'வருத்தம்' என்றால் நோய். தமிழகத்தில் அதே சொல் கவலையைக் குறிக்கும். "உங்களுக்கு என்ன வருத்தம்?" என்று இங்கே ஒருவர் கேட்டால் குளிசைகளின் பெயர்களைச் சொல்ல வேண்டும், சென்னையில் ஒருவர் கேட்டால் குடும்பக் கதையைச் சொல்ல வேண்டும். ஐம்பது வயதைக் கடந்தபின் இரண்டு பொருளும் ஒன்றாகிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி ஆக வேண்டிய அவசியமில்லை என்பது என் கட்சி.

இவ்விடயம் பற்றி எழுதுவதற்கு எனக்குள்ள தகைமைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். வயது ஐம்பத்தாறு. சலரோகம் வந்து ஒன்பது ஆண்டுகள். உயர் குருதி அமுக்கம் அதற்கு இரண்டு வயது இளையது. வலது முழங்கால், மழைக்கு முதல்நாளே வானிலை அறிக்கை வெளியிடுகிறது. திணைக்களத்தின் அறிக்கையைவிட அது நம்பகமானது என்பது வீட்டாரின் கருத்து. மூக்குக்கண்ணாடிகள் இரண்டு: ஒன்று வாசிப்பதற்கு, மற்றையது அதைத் தேடுவதற்கு. நாளொன்றுக்கு ஆறு குளிசைகள். கலைப் பட்டதாரியான எனக்கு இவ்வாழ்வில் கிடைத்த ஒரே விஞ்ஞானக் கல்வி அந்தக் குளிசைகளின் பெயர்களை மனனம் செய்ததுதான்.

நமக்கு வயது போவதைக் கண்ணாடிக்கு முன்பே அறிவிப்பவர் பேருந்து நடத்துநர். "அண்ணை, உள்ளுக்குப் போங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், ஒருநாள் "ஐயா, இதிலை இருங்கோ" என்றார். இருக்கை கிடைத்த மகிழ்ச்சியில் பதவி உயர்வை அப்போது கவனிக்கவில்லை. இனி எஞ்சியிருப்பது "அப்பு, பாத்து இறங்குங்கோ" என்பது மட்டுமே. அதற்கிடையில் 60 வயதானதும் முதியோர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். 2000ஆம் ஆண்டின் முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் முதுமையின் வாசலை அந்த வயதில்தான் வைத்திருக்கிறது. நான் வைத்திருந்த அடையாள அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு காலத்தில் சோதனைச் சாவடிகளில் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். இந்த அட்டையை எவரும் சந்தேகிக்கப் போவதில்லை. முகமே சாட்சி சொல்லும்.

இந்தப் பகிடிகளுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. எங்கள் ஊரில், எங்கள் வயதுக்காரருக்கு, முழங்கால் நோகும் வயதுவரை வந்து சேருவதென்பது சாதாரணமாகக் கிடைத்த ஒன்றல்ல. நான் மாதந்தோறும் கிளினிக் கொப்பியுடன் வரிசையில் நிற்கும் யாழ் போதனா வைத்தியசாலைக்குள் 1987 ஒக்டோபர் 21ஆம், 22ஆம் திகதிகளில் இந்தியப் படையினர் புகுந்து சுட்டதில், வைத்தியர்களும் தாதியரும் நோயாளிகளுமாக அறுபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தது. 2000 ஒக்டோபர் 19ஆம் திகதி இரவு, தன் வீட்டில் செய்தி எழுதிக்கொண்டிருந்த மயில்வாகனம் நிமலராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். 2006 மே 2ஆம் திகதி 'உதயன்' அலுவலகத்துக்குள் ஊழியர்கள் இருவர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் எவருக்கும் கொலஸ்ட்ரோல் பற்றி முறைப்பாடு செய்யும் வாய்ப்புக் கிட்டவில்லை.

போர்க்காலச் செத்தவீடுகளில் வந்தவர்கள் தாழ்ந்த குரலில் கேட்ட கேள்வி "எங்கை வைச்சு?" என்பது. இன்று செத்தவீட்டுக்கு வருபவர்கள் கேட்பது "என்ன வருத்தம்?" என்று. "சீனியோ, பிறசரோ?" என்று அடுத்த கேள்வி. இந்தக் கேள்வி மாற்றத்தைச் சமாதானத்தின் அளவுகோலாக எந்தக் கருத்தரங்கிலும் எவரும் எடுத்துக்கொண்டதில்லை. எடுத்துக்கொள்ளலாம் என்பேன். ஒரு சமூகம் மறுபடியும் நோயினால் சாகத் தொடங்கியிருக்கிறது என்றால், அது ஏதோவொரு வகையில் சுகமடைந்து வருகிறது என்றும் பொருள்.

அந்த நாட்களில் நோயாளியாக இருப்பதற்கே தனி வீரம் வேண்டியிருந்தது. 1990இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பல ஆண்டுகள் ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் வாழ்ந்தோம். குளிர்சாதனப் பெட்டிகள் துணி அடுக்கும் அலுமாரிகளாயின. இன்சுலினோ வெப்பத்தில் கெட்டுவிடும் மருந்து. எங்கள் ஒழுங்கையில் இருந்த மாமி ஒருவர், சிறு மண்சட்டி ஒன்றுக்குள் இன்சுலின் போத்தலை வைத்து, அதை ஈரமணல் நிரப்பிய பெரிய பானைக்குள் இறக்கி, காலையும் மாலையும் மணலுக்குத் தண்ணீர் தெளிப்பார். விமானம் வந்தால் பதுங்குகுழிக்குள் பானையும் இறங்கும். "பிள்ளையள் வெளிநாட்டிலை, என்னோடை இருக்கிறது இது ஒண்டுதான்" என்று சொல்லிச் சிரிப்பார்.

அந்த மருந்து 1921இல் ரொறன்ரோவில் கண்டுபிடிக்கப்பட்டது. 1922 ஜனவரியில் அந்நகரின் வைத்தியசாலையொன்றில் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக ஏற்றப்பட்டது. அதுவரை அவ்வகைச் சலரோகம் கண்ட பிள்ளைகளுக்கு மரணத்தைத் தவிர வேறு முடிவில்லை. எங்கள் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக ரொறன்ரோ போய்ச் சேர்வதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, எங்கள் மாமிகளுக்கான மருந்து அங்கிருந்து புறப்பட்டுவிட்டது. பண்டமாற்றில் நட்டம் யாருக்கு என்பதை மாமிகளிடந்தான் கேட்க வேண்டும்.

நோயையும் கஷ்டத்தையும் பார்த்துச் சிரிப்பது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. 1960களில் கொழும்பில் தொடங்கிப் பின்னர் யாழ்ப்பாணத்துக்கு வந்த 'சிரித்திரன்' இதழ், சிரிப்பையே சீவியமாகக் கொள்ளும்படி வாசகருக்குச் சொன்னது. அதன் ஆசிரியர் சிவஞானசுந்தரம், சுந்தர் என்ற பெயரில் வரைந்த சவாரித்தம்பர் போன்ற பாத்திரங்கள் வீட்டு மனிதர்களாகவே உலவினார்கள். 1996இல் அவர் காலமானார். நெருக்கடி மிகுந்த 1980களிலும் அந்தச் சிரிப்பை அவர் அணையவிடவில்லை. அவருடைய பகிடியில் நான் மதிப்பது ஒன்றுண்டு: உள்ளதை மறைப்பதற்காக அவர் சிரிக்கவில்லை, உள்ளதைக் காட்டுவதற்காகச் சிரித்தார்.

இந்த வேறுபாடுதான் இக்கட்டுரையின் மையம். நோயைப் பற்றி நாம் விடும் பகிடிகளில் இரண்டு சாதி உண்டு. ஒன்று வாயைத் திறக்க வைப்பது. மற்றது வாயை மூட வைப்பது.

இரண்டாவது வகையை எந்தக் கல்யாண வீட்டுப் பந்தியிலும் கேட்கலாம். "ஒருக்காச் சாகத்தானே வேணும், அந்த லட்டை இஞ்சாலை வையும்." பந்தி முழுவதும் சிரிக்கும். சொன்னவர் தன் குருதியில் சீனி எவ்வளவு என்று கடைசியாகப் பார்த்தது எப்போது என்பதை எவரும் கேட்பதில்லை. அந்தப் பகிடி அதற்காகவே விடப்பட்டது. ஒருக்காத்தான் சாகலாம் என்பது உண்மைதான். ஆனால் சலரோகக்காரர் ஒருக்காவில் சாவது அரிது. முதலில் ஒரு விரல், பிறகு பாதம், பிறகு கண், பிறகு சிறுநீரகம் என்று தவணை முறையில் அறவிடும் கடன்காரன் அது.

இலங்கையில் 2005-06 காலப்பகுதியில் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வொன்று, வளர்ந்தோரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்குச் சலரோகம் இருப்பதாகக் கண்டது. அதன் முன்நிலையையும் சேர்த்தால் ஐந்தில் ஒருவர். சலரோகம் இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் தமக்கு அது இருப்பதே தெரிந்திருக்கவில்லை. அந்த ஆய்வு ஏழு மாகாணங்களில் நடந்தது. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் விடுபட்டன. அக்காலத்தில் எங்கள் இறந்தவர்களின் எண்ணிக்கையே சரிவர எடுக்கப்படவில்லை. சீனியை யார் அளப்பார்கள்?

இப்போது அளக்கிறார்கள். ஒளிப்பவர்கள் நாங்கள்தான். பெண்பிள்ளைக்குச் சம்பந்தம் பேசும் வீட்டில் தகப்பனின் இன்சுலின் ஊசி அலுமாரியின் பின்வரிசைக்குப் போய்விடும். "பரம்பரை வருத்தமோ?" என்ற கேள்விக்கு அவ்வளவு பயம். சாதகத்தில் செவ்வாய் எங்கே நிற்கிறது என்பதைத் துருவித் துருவிப் பார்க்கும் நாம், இரத்தப் பரிசோதனைத் தாளை ஒருவருக்கொருவர் காட்டுவதில்லை. மாப்பிள்ளை வீட்டாரும் அதே அலுமாரியின் அதே பின்வரிசையைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்பது இதிலுள்ள நகைச்சுவை.

நல்லூர்த் திருவிழாவை எடுத்துக்கொள்வோம். இருபத்தைந்து நாட்களும் வெறுங்கால். மதிய வெய்யிலில் மணல் கொதிக்கும். நெடுநாள் சலரோகம் பாதத்து நரம்புகளின் உணர்வைக் கெடுத்துவிடும் என்பதால், சுடுவது தெரியாமலே தோல் வெந்துவிடும். "எனக்குச் சுடவேயில்லை, முருகன்ரை அருள்" என்று ஒருவர் சொல்லக் கேட்டு என் நெஞ்சு திக்கென்றது. சுடாமல் இருப்பது அருளாகவும் இருக்கலாம்; ஆனால் வைத்தியரிடம் உடனே சொல்ல வேண்டிய அறிகுறியாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். நல்லூரான் விடிகாலையிலும் மாலையிலும் அங்கேதான் இருக்கிறார். மணல் ஆறியிருக்கும் வேளையில் போகலாம். வீட்டுக்கு வந்ததும் கால்களைக் கழுவித் துடைத்து, ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கலாம். ஐம்பது வயதுக்குமேல் முகம் பார்க்கும் கண்ணாடிக்கு இதைவிடப் பயனுள்ள வேலை இல்லை.

சிரிப்பே மருந்து என்று சொல்பவர்கள் அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர் நோர்மன் கசின்ஸை மேற்கோள் காட்டுவார்கள். 1964இல் கடுமையான மூட்டு நோயில் படுத்த அவர், நகைச்சுவைப் படங்களை ஓடவிட்டுப் பார்த்ததையும், பத்து நிமிடம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணிநேரம் வலியின்றித் தூங்க முடிந்ததையும் 1979இல் வெளியான தன் நூலில் எழுதினார். பலர் அத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த நூல் முழுவதிலும் அவருடைய வைத்தியர் கூடவே இருக்கிறார். வைத்தியருக்குப் பதிலாகச் சிரிப்பை அவர் நியமிக்கவில்லை. வைத்தியரோடு சேர்ந்து சிரித்தார். எங்கள் தொழில்காரர் ஒருவர் மருத்துவ உலகுக்குச் சொன்ன நல்ல செய்தி அது. சிரிப்பு வலியைக் குறைக்கும், பயத்தைக் குறைக்கும், பேச வைக்கும். சீனியைக் குறைக்கும் வேலையைக் குளிசையும் நடையும் பார்த்துக்கொள்ளட்டும்.

பத்திரிகைக்காரன் என்ற வகையில் இன்னொன்று. காலையில் நாளேட்டை விரித்ததும் மரண அறிவித்தல் பக்கத்தை முதலில் பார்க்கும் வயதுக்கு வந்துவிட்டேன். பெயரைப் பார்ப்பதற்கு முன்பே வயதைப் பார்க்கிறேன். என்னைவிட மூத்தவர் என்றால் தேநீர் இறங்குகிறது. பிறப்பிடம், வதிவிடம், ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் உள்ள பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லாம் வரிசையாக வரும். எந்த வருத்தத்தினால் என்ற ஒரு தகவல் மட்டும் வராது. பின்னர் அடிக்கப்படும் கல்வெட்டில் இறந்தவரின் நற்குணங்கள் பாட்டாக வரும். அவர் எத்தனை ஆண்டுகள் மருந்தை ஒளித்து வைத்திருந்தார் என்பது அங்கும் வராது. அந்த ஒரு தகவலைத்தான் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். தகப்பனுக்கு இருந்தது மகனுக்கும் வரக்கூடும், அவன் ஸ்காபறோவில் இருந்தாலும்.

ஆகவே வெளிநாட்டில் இருந்து இதைப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அப்பா தொலைபேசியில் "எனக்கு ஒண்டுமில்லை, நான் நல்ல சுகம்" என்றால், அடுத்த கேள்வியையும் கேளுங்கள். கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 2022இல் நாடு மருந்தின்றித் தவித்தபோது பொதிகளில் குளிசை அனுப்பிய பிள்ளைகள் நீங்கள். ஒரு கேள்வியை அனுப்புவது அதைவிட எளிது. உங்கள் சீனியையும் ஒருமுறை பார்த்து அப்பாவுக்குச் சொல்லுங்கள். அவர் உங்களுக்குச் சொல்லாததை, நீங்கள் சொன்னபிறகு சொல்லக்கூடும்.

என் பிள்ளைகளுக்கு என் நோய்ப்பட்டியல் முழுவதும் தெரியும். எனக்குக் கல்வெட்டு அடிப்பதானால் பாட்டு எதுவும் வேண்டாம், அந்தப் பட்டியலையே அச்சிடுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். எழுத்துப்பிழை மட்டும் இருக்கக் கூடாது. முப்பது ஆண்டுகள் பிழை திருத்தியவனின் கடைசி ஆசை அது. அதுவரை, மாதத்தின் முதல் செவ்வாய் கிளினிக்கில் என்னைக் காணலாம். வரிசை நீளமானது, பேசுவதற்கு நேரமிருக்கும்.