டாங்கிக்கு ஒரு பட்டி டிங்கரிங்

ஒரு சின்னப் பரீட்சை. சமையலறைக்குப் போய் வார்ப்பு இரும்பு தோசைக்கல்லின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். அப்படியே பக்கத்தில் இருக்கிற எவர்சில்வர் தட்டையும் தடவுங்கள். ஒன்று சொரசொர. இன்னொன்று வழவழ. இரண்டும் இரும்பு ஜாதிதான். ஏன் இந்த வித்தியாசம்?

உங்களுக்குத் தெரியாவிட்டால் பரவாயில்லை. ஆனால் வீட்டில் மெக்கானிக்கல் படிக்கிற பிள்ளை இருந்தால் கேளுங்கள். காஸ்டிங், ரோலிங் என்று இரண்டு மார்க் கேள்விக்கான விடையைக் கடகடவென்று ஒப்பித்துவிடும். அதே பிள்ளையின் கையைப் பிடித்து இரண்டு உலோகத்தின் மேல் வைத்து, ‘இதுல எதும்மா காஸ்டிங்?’ என்று கேளுங்கள். திருதிருவென்று முழிக்கும்.

என் சண்டை அந்த முழியோடுதான். அதற்கு நான் சிபாரிசு செய்யப்போகிற மருந்து, ஒரு பிளாஸ்டிக் டாங்கி. சிரிக்காதீர்கள். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ஆவடியில் எல்லோரும் ‘டேங்க் ஃபேக்டரி’ என்று சொல்கிற கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது 1965-ல். பிரிட்டனின் விக்கர்ஸ் கம்பெனி வடிவமைப்பு. பிறகு ரஷ்ய டி-72, ‘அஜேயா’ என்ற பெயரில். பிறகு இங்கேயே வடிவமைத்த அர்ஜுன். 2009-ல் ‘பீஷ்மா’ என்கிற டி-90. 2021 அக்டோபரில் நாட்டின் ஆயுதத் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனிகளாகப் பிரித்தபோது, டாங்கி செய்கிற கம்பெனிக்குத் தலைமையகமே ஆவடிதான். ஆக, அறுபது வருஷமாக நிஜ டாங்கி செய்கிற ஊர் இது.

இந்த ஊரில் ஒரு பிள்ளை அதே டி-72 டாங்கியைக் கையடக்கமாகச் செய்து பார்க்க ஆசைப்பட்டால் என்ன வழி? ஜப்பானில் ஷிசுவோகா என்ற ஊரிலிருந்து டாமியா கம்பெனியின் பெட்டி வர வேண்டும். டி-90 வேண்டுமென்றால் சீனத்துப் பெட்டி. ஆவடியில் பிறந்த டாங்கிக்கு ஆவடியில் பொம்மை கிடையாது!

‘பொம்மை’ என்று நானே சொல்லிவிட்டேன் பாருங்கள். நம் எல்லோர் வாயிலும் வருகிற வார்த்தை அதுதான். பெட்டியைப் பிரித்து, பாகங்களை வெட்டி எடுத்து ஒட்டியதும் அது பொம்மை மாதிரிதான் இருக்கும். பிளாஸ்டிக் எங்கே தொட்டாலும் ஒரே வழவழ. அது பொம்மையாக இல்லாமல் போவது அதற்குப் பிறகு நடக்கிற வேலையில்.

டி-72-ன் தலைப்பகுதி, அதாவது பீரங்கி பொருத்தியிருக்கிற கவிழ்த்த கிண்ணம் மாதிரியான பாகம், வார்ப்பு எஃகு. உருக்கி, அச்சில் ஊற்றி எடுத்தது. தோசைக்கல் ஜாதி. மேலே அம்மை வடு மாதிரி சொரசொரப்பு இருக்கும். அடி உடம்போ உருளையில் கொடுத்துத் தட்டையாக்கிய தகடுகளைப் பற்றவைத்தது. தட்டு ஜாதி. ஆகவே பிள்ளை என்ன செய்ய வேண்டும்? தலைக்கு மட்டும் பட்டி பார்க்க வேண்டும். ஆமாம், பூந்தமல்லி நெடுஞ்சாலையோர டிங்கரிங் ஷெட்டில் காருக்குப் பார்க்கிறார்களே, அதே பட்டிதான். கொஞ்சம் பட்டியைத் தின்னரில் தோசை மாவு பதத்துக்குக் கரைத்து, தூக்கிப் போட வேண்டிய பழைய டூத் பிரஷ்ஷால் குத்திக் குத்தி ஒற்ற வேண்டும். தேய்த்தால் கோடு விழும், குத்தினால்தான் குழி விழும். தின்னர் கூடினால் பிளாஸ்டிக்கே இளகிவிடும். காய்ந்ததும் உப்புத்தாளால் லேசாக ஒரு தடவு.

எவ்வளவு கனம் பூசுவது? இங்கேதான் என் மாதிரி பி.காம். ஆசாமிக்குப் பிடித்த கணக்கு வருகிறது. மாடலின் அளவு முப்பத்தைந்தில் ஒரு பங்கு. மாடலில் ஒரு மில்லிமீட்டர் கட்டி நின்றால் நிஜ டாங்கியில் அது மூன்றரை சென்டிமீட்டர் புடைப்பு! அப்படி ஒரு டாங்கி ஆவடி கேட்டைத் தாண்டுமா? ‘ஸ்கேல்’ என்றால் என்ன என்பதை எந்த அளவுகோலும் இவ்வளவு அழுத்தமாகச் சொல்லித்தராது.

அதே பிள்ளை விஜயந்தாவையோ அர்ஜுனையோ செய்தால் தலைக்கு இந்தப் பட்டி கூடாது. அவற்றின் தலை தகடுகளைப் பற்றவைத்தது. அழகுக்காக அங்கேயும் சொரசொரப்பைப் பூசினால் அது பொய். எதற்குப் பூச வேண்டும், எதற்குக் கூடாது என்று தெரிந்துகொள்ள அந்த டாங்கி எப்படிச் செய்யப்பட்டது என்று தேடிப் படித்தாக வேண்டும். பாடம் அங்கே ஆரம்பிக்கிறது.

சொரசொரப்புக்குக் காரணம் இருக்கும். அம்மியை எதற்குக் கொத்துகிறோம்? வழவழத்துப்போனால் அரைக்காது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன்காரர்கள் தங்கள் டாங்கிகளுக்கு ‘ஜிம்மரிட்’ என்று ஒரு பூச்சு பூசினார்கள். பேரியம் சல்ஃபேட், பசை, காவி நிறம், மரத்தூள் எல்லாம் கலந்த குழம்பு. பூசி, வரிவரியாகக் கோடு இழுத்துவிடுவார்கள். ஏன் தெரியுமா? எதிரி ஓடிவந்து காந்தக் கண்ணிவெடியை ஒட்டவைத்தால் ஒட்டக் கூடாது. காந்தத்துக்கும் எஃகுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விழுந்தாலே பிடி தளர்ந்துவிடும். அந்த இடைவெளிக்காகத்தான் இந்த வரிகள். 1943 கடைசியில் மும்முரமான இந்த வேலையை 1944 செப்டம்பரில் நிறுத்திவிட்டார்கள். குண்டு பட்டால் பூச்சு தீப்பிடிக்கிறது என்று ஒரு வதந்தி. பரிசோதித்துப் பார்த்ததில் வதந்தி பொய் என்று தெரிந்தது. அதற்குள் பூச்சு போயே போச்சு. ஒரு டாங்கியின் தோலில் இயற்பியல், வேதியியல், வரலாறு மூன்றும் இருக்கிறது. நம் பாடத்திட்டத்தில் இவை மூன்றும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை.

பூச்சு காய்ந்த பிறகு பெயிண்ட். முதலில் பிரைமர். பிறகு பளபளப்பே இல்லாத பச்சை. பிறகு தண்ணியாகக் கரைத்த கறுப்புப் பழுப்பு நிறத்தை விட்டால், அது ஓடிப்போய்க் குழிகளில் உட்காரும். கடைசியில் வெளிர் நிறத்தைத் தொட்டு, பிரஷ்ஷைப் பழைய பேப்பரில் ஏறக்குறைய காயும்வரை துடைத்துவிட்டு, மேடுகளை மட்டும் வருட வேண்டும். அதுவரை கண்ணுக்கே தெரியாத சொரசொரப்பு சட்டென்று எழுந்து நிற்கும். மூன்று வாரம் ஆகும். அவசரப்பட்டால் பெயிண்ட் உரியும். பிள்ளைகளின் அவசரத்துக்கு ‘நோ’ சொல்கிற ஆசிரியர் இப்போது பெயிண்ட் மட்டும்தான்.

‘இதெல்லாம் வெளிநாட்டுப் பைத்தியம் சார், நமக்கெதுக்கு?’ என்கிறீர்களா? நவராத்திரிக்குக் கொலு வைத்த வீடுகளில் ‘பார்க்’ கட்டினோமே, மறந்துவிட்டதா? மணலைக் கொட்டி, கேழ்வரகு தூவி முளைக்கவிட்டு, கண்ணாடியைப் பதித்துக் குளமாக்கி, மலை எழுப்பி, மலைக்குப் படிக்கட்டு வைத்து... அது என்ன? சுத்தமான உள்ளூர் மாடலிங். இன்றைக்கு அதையும் ரெடிமேடாக வாங்கி வைத்துவிடுகிறோம். பள்ளிக்கூட புராஜெக்ட் கதை இன்னும் மோசம். மழைநீர் சேகரிப்பு வேண்டுமா, எரிமலை வேண்டுமா, ஸ்டேஷனரி கடையில் தெர்மாகோலில் தயாராகத் தொங்குகிறது. அப்பா காசு கொடுக்கிறார், பிள்ளை தூக்கிக்கொண்டு போகிறது, டீச்சர் மார்க் போடுகிறார். இந்த வியாபாரத்தில் மூன்று பேருக்கும் பொய் என்று தெரியும். மூன்று பேரும் சந்தோஷமாக இருக்கிறார்கள்.

‘யுத்த சாமானைக் குழந்தை கையில் கொடுக்கலாமா?’ என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. மதிக்கிறேன். ஆனால் இப்போது உங்கள் பிள்ளையின் கையில் என்ன இருக்கிறது? செல்போனில் நிமிஷத்துக்குப் பத்துப் பேரைச் சுடுகிற விளையாட்டு. டி-72-ஐ முழுதாகச் செய்து பார்க்கிற பிள்ளைக்குத் தெரியும், அதற்குள்ளே மூன்று மனிதர்கள் குறுகி உட்கார வேண்டும், குண்டுகள் அவர்கள் காலடியிலேயே வட்டமாக அடுக்கப்பட்டிருக்கும் என்று. 2022-க்குப் பிறகு உக்ரைன் யுத்தத்தில் அந்தக் குண்டுகள் வெடித்து டாங்கியின் தலை தனியே பறந்து கிடந்த படங்களை உலகமே பார்த்தது. மூன்று வாரம் பட்டி பார்த்த பிள்ளை அந்தப் படத்தைப் பார்த்துக் கைதட்டாது.

மூன்றாவது ஆட்சேபம் விலை. இங்கே நான் உங்கள் கட்சி. இந்தக் கிட் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாது. ஆனால் ஏன் எட்டவில்லை? சுங்கத்துறையின் அட்டவணையில் 9503 என்று ஒரு தலைப்பு. மூன்று சக்கர சைக்கிள், பொம்மை, புதிர் விளையாட்டு, அதோடு ‘ஸ்கேல் மாடல்’, எல்லாம் ஒரே மூட்டை. 2020-ல் இந்த மூட்டைக்கு இறக்குமதி வரி 20 சதவிகிதத்திலிருந்து 60 ஆனது. 2023-ல் 70. ஆயிரம் ரூபாய் சரக்குக்கு எழுநூறு ரூபாய் வரி! மட்டமான இறக்குமதிப் பொம்மையைத் தடுத்து உள்ளூர்க்காரரை வாழவைக்க வேண்டும் என்ற நோக்கம் சரிதான். கிலுகிலுப்பைக்கும் டி-72-க்கும் ஒரே தராசு என்பதுதான் சரியில்லை.

சரி, அந்த உள்ளூர்க்காரர் எங்கே? அம்பத்தூர் எஸ்டேட்டில் டை போடத் தெரிந்தவர்கள் இல்லையா? பிளாஸ்டிக் மோல்டிங் மெஷின் இல்லையா? டாமியாவும் ஆரம்பத்தில் மரம் அறுக்கிற பட்டறைதான். பிளாஸ்டிக்குக்கு மாறித் தடுமாறி, 1961-ல் ஒரு ஜெர்மன் டாங்கியை மோட்டார் வைத்து ஓடும்படி செய்தார்கள். உள்ளே இரண்டு பேட்டரி நுழைய வேண்டும் என்பதற்காக முடிவு செய்த அளவுதான் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. அதையே பிறகு உலகம் முழுக்க அளவுகோலாக எடுத்துக்கொண்டது. அந்தக் கம்பெனியை வளர்த்த ஷுன்சாகு டாமியா 2025-ல் தொண்ணூறு வயதில் இறந்தார். மரப் பட்டறையால் முடிந்தது, நிஜ டாங்கிக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிற பட்டறையால் முடியாதா?

ஆகவே, சம்பந்தப்பட்டவர்களுக்கு:

அரசே! ஒட்டிச் செய்கிற மாடலைப் பொம்மை மூட்டையிலிருந்து பிரி.

ஆவடி நிர்வாகமே! விஜயந்தா படையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டது. அதன் வெளி உருவத்தில் இனி என்ன ரகசியம்? அளவுகளை அம்பத்தூர் பட்டறைக்குக் கொடுத்து, ஒரு கிட் வரவையுங்கள்.

பள்ளிகளே! கடையில் வாங்கிய புராஜெக்டுக்கு பூஜ்யம் போடுங்கள்.

பெற்றோரே! உங்களிடம் கேட்பது ரொம்பச் சின்னது. கிட் வரும்வரை அட்டையில் ஒரு டாங்கி செய்யட்டும். மகனோ மகளோ, பழைய டூத் பிரஷ்ஷைக் கொடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், தின்னர் வாசனை ஆகாது. தரையில் பேப்பர் விரியுங்கள். அதையும் தாண்டிப் பெயிண்ட் சிந்தத்தான் செய்யும். திட்டாதீர்கள். துடைத்தால் போய்விடும்.