முற்றத்துக்குள் வந்த கடிகாரம்

சத்துமாவு வாங்க வரும் தாயின் முகத்தைக் கைப்பேசி அடையாளம் கண்டால்தான் பாக்கெட் கைமாறலாம் என்ற விதி 2025 ஜூலை 1 முதல் கட்டாயமாகிவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு மார்ச்சில் ஒன்றிய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் மூன்று முதல் ஆறு வயதினருக்கான ‘ஆதார்ஷிலா’ பாடத்திட்டத்தையும், அதற்குக் கீழ்ப்பட்ட வயதினருக்கான ‘நவசேதனா’வையும் வெளியிட்டது. தலைநகரில் இவை வெவ்வேறு கோப்புகள். அங்கன்வாடி மையத்தில் இருக்கும் டீச்சருக்கோ எல்லாம் ஒரே காலைப் பொழுதில் தலைமேல் வந்து விழுகின்றன. இந்த இதழ் எந்தப் பக்கம் என்று பலரும் கேட்கிறார்கள். பாடத்திட்டத்தை வரவேற்கிறோம். அதைக் கடிகார முள்ளில் கட்டி ஓட்டுவதை எதிர்க்கிறோம்.

வரவேற்கக் காரணம் உண்டு. நான்கு வாரம் பழக்கம், முப்பத்தாறு வாரம் கற்றல், எட்டு வாரம் மீள்பார்வை என்ற பகுப்பு, ஜூன் மாதத்தில் அம்மா முந்தானையை விடாத பிள்ளையைப் பார்த்தவர்கள் போட்டது. நாளின் தொடக்கத்தில் அரைமணி நேரச் சுயேச்சை விளையாட்டு, மதிய உணவுக்குப் பின் வெளி விளையாட்டு என்ற வரிசையிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’வை வைத்துப் பழகிய நம் பணியாளர்களுக்கு அதில் பாதி புதிதும் அல்ல.

வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நம் வாசகர்கள், “அங்கன்வாடி விவகாரம் எங்களுக்கு எதற்கு?” என்று இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கல்வி உரிமைச் சட்டம் பெற்றோர்மேல் வைக்கும் கடமை ஆறு வயதில்தான் தொடங்குகிறது. ஆண்டுக்கு 200 வேலைநாள், 800 கற்பித்தல் மணி என்ற கணக்கும் ஒன்றாம் வகுப்பிலிருந்துதான். அதற்குக் கீழே 11ஆம் பிரிவு அரசு ஏற்பாடு செய்யலாம் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. ஆக ஆறு வயதுக்குள் நடப்பதெல்லாம் அடிப்படையில் வீட்டுக் கல்விதான். பால்வாடி அந்த வீட்டின் நீட்டிப்பு. வீட்டில் கற்பிப்பவர் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் மையத்துக்கும் பொருந்தும் என்று நாங்கள் துணிந்து சொல்வது இதனால்தான்.

அந்தப் பாடம் என்ன? முதன்முதலாக வீட்டில் கற்பிக்கத் தொடங்கும் பெற்றோர் எல்லாருமே சுவரில் ஒரு அட்டவணை ஒட்டுகிறார்கள். 9.00 எழுத்து, 9.40 எண், 10.20 பால், 10.30 வரைதல். பிள்ளை ஒன்பது மணிக்கு மரவட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மூன்றாவது வாரம் அட்டவணை கிழிகிறது. கூடவே அம்மாவுக்குக் குற்ற உணர்ச்சி. பிறகு எதிர்ப்பக்கம் சாய்வார்கள்: எப்போது வேண்டுமானாலும் எது வேண்டுமானாலும். அது இன்னும் மோசம். அடுத்து என்ன வரும் என்று தெரியாத நாலு வயதுப் பிள்ளை பொழுதுக்கும் சிணுங்கும்.

மாடு மேய்க்கிறவர்களுக்கு இதன் நடுவழி தெரியும். முளை ஆழமாக அடித்திருக்க வேண்டும், கயிறு நீளமாக விட்டிருக்க வேண்டும். விழித்ததும் முகம் கழுவிக் கஞ்சி, பிறகு வெளியே ஒரு நடை, சாப்பாட்டுக்கு முன் கதை, சாப்பிட்டதும் தூக்கம், சாயங்காலம் கைவேலை: இந்த வரிசைதான் முளை. மழை நாளில் நடை கால் மணியாகலாம், நாவற்பழக் காலத்தில் ஒன்றரை மணியாகலாம். கதை பத்து மணிக்கு வந்தால் என்ன, பதினொன்றரைக்கு வந்தால் என்ன? நடைக்குப் பின், சாப்பாட்டுக்கு முன் அது வந்துவிடும் என்ற நம்பிக்கைதான் பிள்ளைக்கு வேண்டும். அந்த வயதில் நேரம் என்பது எண் இல்லை, ஒன்றன்பின் ஒன்றாக வருவது. ‘சாப்பிட்ட பிறகு’ என்றால் புரியும், ‘ஒரு மணிக்கு’ என்றால் புரியாது.

இதைக் கொல்லிமலையின் குண்டனி நாட்டில் வைத்துப் பார்ப்போம். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிக் கொல்லிமலைக்கு வருகிறவர்கள் ஆகாய கங்கையும் அறப்பளீசுவரர் கோயிலும் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். நாடு என்ற பெயரோடு இருக்கும் ஊராட்சிகளுக்குள் போகிறவர்கள் குறைவு. அங்கே பொழுதை வகுப்பது வெள்ளாமை. சாமைக் காட்டில் களை எடுக்கும் நாளில் தாய் விடியலிலேயே கிளம்புகிறாள். பிள்ளையும் அப்போதே மையத்துக்கு வந்துவிடும், அல்லது காட்டுக்கே போய்விடும். மார்கழிப் பனியில் முற்றம் தெரிய எட்டரை மணியாகும். அதற்கு முன் எந்தப் பிள்ளையும் போர்வையை விட்டு வராது. காப்பிப்பழம் பறிக்கும் காலத்தில் பாட்டிதான் கூட்டி வருவாள், அவள் நடை வேறு வேகம். மிளகு வேலைக்குக் குடும்பத்தோடு வெளியிடம் போனவர்களின் பிள்ளை மாதக்கணக்கில் வராது. ஆடிப் பதினெட்டை ஒட்டி வல்வில் ஓரி விழா நாட்களில் மலையே கோயில் பக்கம் இருக்கும். இத்தனைக்கும் நடுவில் அங்குள்ள டீச்சர்கள் நாள் ஒழுங்கைக் காப்பாற்றித்தான் வருகிறார்கள். பாட்டு முதலில், பிறகு எண்ணுவது, பிறகு சாப்பாடு, பிறகு தூக்கம். தாமதமாக வந்த பிள்ளை எங்கே போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும் என்பது அதற்கே தெரியும்.

இந்த ஒழுங்கைக் கைப்பேசியிடம் எப்படிக் காட்டுவது? 2021 மார்ச்சில் வந்த போஷன் டிராக்கர் செயலிக்கு மையம் திறந்ததும் தெரிய வேண்டும், வருகையும் தெரிய வேண்டும், படமும் வேண்டும். சிக்னல் கிடைக்காத பாறை இடுக்கில் அங்கன்வாடி இருந்தால் டீச்சர் மேட்டுக்கு ஏற வேண்டும். பிள்ளைகள் ஆயாவிடம். ஏறி இறங்குவதற்குள் கூழாங்கல் எண்ணிக்கொண்டிருந்த வட்டம் கலைந்திருக்கும். 1939இல் அடையாற்றுக்கு வந்து நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்த மரியா மாண்டிசோரி, குழந்தையின் வேலைப் பொழுதை மூன்று மணி நேரம் கலைக்காமல் விட வேண்டும் என்று அடித்துச் சொன்னவர். மூன்று மணி வேண்டாம், முப்பது நிமிடம் விடுங்கள் என்று கேட்கும் நிலையில் நாம் இருக்கிறோம். இப்போது முகப்பதிவும் சேர்ந்துகொண்டது. வெயிலில் கறுத்து, வேலையில் மெலிந்து வரும் தாயின் முகம் ஆதார் படத்தோடு ஒத்துப்போகும்வரை, “இன்னொரு தரம் பாரும்மா, கண்ணைச் சிமிட்டும்மா” என்று கெஞ்சுவது கற்பித்தலில் சேருமா, ஊட்டச்சத்தில் சேருமா?

இந்த இடத்தில் ஒரு பழைய செய்தியைச் சொல்லாமல் நகர முடியவில்லை. ‘அங்கன்வாடி’ என்ற சொல்லில் வரும் அங்கணம் வீட்டு முற்றம். அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்கள் என்று சொல்லப்படும் தாராபாய் மோடக்கும் அவரோடு பணியாற்றிய அனுதாய் வாகும் 1945இல் மராட்டியக் கடலோரத்துப் போர்டியில் வேலையைத் தொடங்கினார்கள். பின்னர் கோஸ்பாட் குன்றுக்குப் போனார்கள். அங்கே வார்லி பழங்குடிப் பிள்ளைகள் மையத்துக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று அறிக்கை கேட்டு எழுதவில்லை அந்த இருவரும். பிள்ளை இருக்கும் முற்றத்துக்குப் பாடத்தைக் கொண்டுபோனார்கள். மாடு மேய்க்கப் போன பிள்ளைகளுக்காக மேய்ச்சல் நிலத்திலேயே பள்ளி வைத்தார்கள். மாடு நகர்ந்தால் பள்ளியும் நகரும். 1962இல் தாராபாய்க்குப் பத்மபூஷண் கொடுத்த அதே அரசு, 1975 அக்டோபர் 2இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணியைத் தொடங்கியபோது அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. பெயர் வந்து சேர்ந்தது. மாட்டுக்குப் பின்னால் போகும் பள்ளியைக் காணோம். அதன் இடத்தில் ஆசிரியர் எங்கே நிற்கிறார் என்று பார்க்கும் செயலி உட்கார்ந்திருக்கிறது.

கோபமாக எழுதுகிறோம் என்று சிலருக்குத் தோன்றலாம். தோன்றட்டும். இந்த இதழ் தொடங்கிய நாளிலிருந்து பதிவேட்டுச் சுமையைப் பற்றி எழுதிவருகிறோம். ஒன்றைக் குறைத்தோம் என்ற அறிவிப்பு வந்த மறுமாதமே வேறு பெயரில் இன்னொன்று வரும். காகிதம் போய்க் கைப்பேசி வந்தபோது சுமை குறையும் என்றார்கள். பல இடங்களில் இரண்டும் நடக்கிறது: செயலிக்கு ஒரு முறை, கைப்பேசி மக்கர் செய்தால் காட்டுவதற்கு நோட்டில் ஒரு முறை.

இத்தனையும் யாரிடம் கேட்கிறார்கள்? சம்பளக்காரரிடம் அல்ல, ‘மதிப்பூதியம்’ பெறும் கௌரவ ஊழியரிடம். பணியாளருக்கான ஒன்றிய அரசின் மாத மதிப்பூதியம் 2018 அக்டோபரில் 4,500 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது, உதவியாளருக்கு 2,250. மாநில அரசு மேலே சேர்ப்பது வேறு கணக்கு. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் குஜராத்தின் மணிபென் வழக்கில் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பளித்தது. இது பகுதிநேர வேலை என்ற வாதத்தை ஏற்கவில்லை. ஊதியம் என்று வரும்போது தொண்டர். நேரம் என்று வரும்போது நிமிடக் கணக்கு. கடிகாரத்தைக் கொடுப்பவர்கள் முதலில் அந்தக் கடிகாரத்துக்கு உரிய சம்பளத்தையும் கொடுக்கட்டும்.

நாங்கள் கேட்பது பெரிதில்லை. மலை வட்டங்களில் மையத்தின் நாள் ஒழுங்கைப் பருவத்துக்கு ஒரு முறை பணியாளரும் தாய்மாரும் உட்கார்ந்து முடிவு செய்யட்டும். மேற்பார்வையாளர் அதை ஒப்புக்கொள்ளட்டும். செயலியில் வருகைப் பதிவை நாளின் எந்த நேரத்திலும், சிக்னல் இல்லாமலும் போட்டு, பிறகு ஏற்ற முடிய வேண்டும். தாமதப் பதிவுக்கு விளக்கம் கேட்கக் கூடாது. முகம் ஒத்துவரவில்லை என்பதற்காக எந்தத் தாயும் வெறுங்கையோடு திரும்பக் கூடாது. சுயேச்சை விளையாட்டு நடக்கும் அரைமணியில் மேலிடத்திலிருந்து டீச்சருக்கு எந்த அழைப்பும் வரக் கூடாது. கடைசிக் கோரிக்கைக்கு அரசாணைகூடத் தேவையில்லை. மாவட்ட அலுவலகத்தில் ஒருவர் நினைத்தால் நாளையே நடக்கும்.

கேட்டால் “ஆதாரம் எங்கே?” என்பார்கள். அதை நீங்கள்தான் தர முடியும். கொல்லிமலை, கல்வராயன், ஏற்காடு, ஜவ்வாது மலைப் பணியாளர்களே, வீட்டில் கற்பிக்கும் பெற்றோரே, ஐப்பசி முதல் தை வரை ஒரு பழைய நோட்டில் நாளுக்கு மூன்றே வரி எழுதிவையுங்கள்: முதல் பிள்ளை வந்த (வீடென்றால் விழித்த) நேரம், கதை தொடங்கிய நேரம், கைப்பேசிக்காக எழுந்துபோன தடவைகள். யார் பெயரும் வேண்டாம், படமும் வேண்டாம். மாசி இதழுக்குள் அனுப்பினால் தொகுத்து, குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர்களின் மேசைக்கு நாங்களே கொண்டுபோய்ச் சேர்க்கிறோம்.