பழைய பாய்மரப் படகு: ட்ரைட்டனா, கேட்டலினாவா?

கையில் கொஞ்சம் பணம், மனசு நிறைய கடல் ஆசை. அமெரிக்காவில் இப்படிப்பட்டவர்கள் தேடுவது பழைய ஃபைபர் கிளாஸ் படகுகளைத்தான். அவற்றில் இரண்டைப் பார்ப்போம்.

முதலாவது, கார்ல் ஆல்பெர்க் வடிவமைத்த பியர்சன் ட்ரைட்டன். 1959 நியூயார்க் படகுக் கண்காட்சியில் அறிமுகமாகி, 700க்கும் மேல் கட்டப்பட்டது. நீளம் 28 அடி, அகலமோ எட்டேகால் அடிதான்! கீல் எனப்படும் அடிக்கட்டை நீளமானது. சுக்கான் அதோடு ஒட்டியே இருப்பதால் எளிதில் அடிபடாது. ஜேம்ஸ் பால்ட்வின் என்பவர் ஒரு ட்ரைட்டனில் இரண்டு முறை உலகையே சுற்றியிருக்கிறார்.

இரண்டாவது, 1970களின் நடுவில் வந்த கேட்டலினா 30. அகலம் 10 அடி 10 அங்குலம். நிமிர்ந்து நின்று சமைக்கலாம், ஒரு குடும்பமே தங்கலாம்.

பந்தயம்? நீரைத் தொடும் நீளம் ட்ரைட்டனுக்கு இருபதரை அடி, கேட்டலினாவுக்கு 25. கணக்குப்படி வேகம் 6 நாட், 6.7 நாட். ஆனால் ஹேண்டிகேப் முறை இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். எனவே வேகத்துக்காக ஒன்றைத் தேர்ந்தெடுப்பது வீண்.

குறைகளும் உண்டு. ட்ரைட்டனின் மேல்தளத்துக்குள் இருக்கும் பால்சா மரம் தண்ணீர் புகுந்தால் மக்கிவிடும். கேட்டலினாவில் கீல் சேரும் இடத்தில் விரிசல் விழும். அதற்கு 'கேட்டலினா புன்னகை' என்று பெயர்... வாங்கியவர்தான் அழவேண்டும்!

கடல் கடப்பவருக்கு ட்ரைட்டன். ஆனால் பலரும் கனவு காண்பது பெருங்கடலை, தூங்குவது துறைமுகத்தில். அவர்களுக்குக் கேட்டலினாதான் நேர்மையான தேர்வு. எதுவானாலும், சர்வேயர் தட்டிப் பார்க்காமல் காசு கொடுப்பது முட்டாள்தனம். மூழ்கப்போவது பணம் மட்டுமல்ல!