குழந்தையின் குடலும் சங்கத்தின் கடமையும்

தவணை தவறிய கடன்களுக்குக் காரணம் கேட்குமிடத்து, கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, ஆஸ்பத்திரிச் செலவு என்ற விடை கூட்டுறவு இன்ஸ்பெக்டர்களுக்குப் புதிதன்று. அதனைக் குடும்ப விஷயம் என்று ஒதுக்கிவிட்டு, பேரேட்டின் அடுத்த பக்கத்தைப் புரட்டுவதே வழக்கமாக இருந்து வருகிறது. அவ்வாறு ஒதுக்குவது சரியன்று என்பதே என் கருத்து. அதற்கு ஆதாரமாக விஞ்ஞானம் கண்டறிந்துள்ள சில உண்மைகளை அங்கத்தினர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

நாற்றங்காலில் பயிர் முந்தினால் களை அடங்கும். களை முந்தினால் பயிர் நலியும். பிறந்த குழந்தையின் குடலும் அத்தகைய நிலமே. பிறந்த சில நாட்களிலேயே அங்குக் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியேறிவிடுகின்றன. அவற்றுள் ஒரு பெரும் பங்கு தாயின் உடலிலிருந்தே வந்து சேர்கிறது. 1899-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தைச் சேர்ந்த ஹென்றி டிஸ்ஸியே என்பவர், தாய்ப்பால் உண்ணும் குழந்தைகளின் மலத்தில் கவட்டைபோல் பிளந்த வடிவமுள்ள ஒரு நுண்ணுயிரைக் கண்டார். பிஃபிடோ பாக்டீரியா என்று இன்று வழங்கும் இனம் அதுவே.

தாய்ப்பாலில் பால் சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் அடுத்தபடியாக மிகுந்திருப்பவை ஒருவகைச் சிக்கலான சர்க்கரைகள். நூற்றுக்கு மேற்பட்ட வகைகளாக உள்ள இவற்றைக் குழந்தையால் ஜீரணிக்க இயலாது. அப்படியாயின் இவை எதற்கு? பிஃபிடோ பாக்டீரியாவுக்கு உணவாவதற்கே. அவற்றை உண்டு அந்நுண்ணுயிர் உண்டாக்கும் அமிலங்கள், நோய்க் கிருமிகள் குடலில் வேரூன்றாமல் தடுக்கின்றன. ஆகவே தாய்ப்பால் குழந்தையை ஊட்டுவதோடு, அதன் காவலர்களுக்கும் உரமாகிறது.

அறுவைச் சிகிச்சையால் பிறக்கும் குழந்தைகளின் நிலை சிறிது வேறானது. பிரிட்டனில் 596 குழந்தைகளை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, அவ்வாறு பிறந்தோரின் குடலில் தாயின் நுண்ணுயிர்கள் குறைந்தும், மருத்துவமனைச் சூழலில் காணப்படுபவை மிகுந்தும் இருந்தன. இவ்வேறுபாடு மாதங்கள் செல்லச் செல்லப் பெரிதும் குறைந்தது. 2019-21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 பிரசவங்கள் அறுவைச் சிகிச்சையால் நடைபெற்றன. உயிர் காக்கும் அச்சிகிச்சையைக் குறைகூறுவது என் நோக்கமன்று; அக்குழந்தைகளுக்குத் தாய்ப்பால் தடையின்றிக் கிடைக்க வேண்டியது இன்னும் அவசியம் என்பதையே வற்புறுத்துகிறேன்.

நம் தேசத்திலேயே ஓர் அரிய சோதனை நடந்தது. ஒடிசாவின் கிராமங்களில் தாய்ப்பால் உண்ணும் 4,556 பச்சிளங் குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தேர்ந்தெடுத்த லாக்டோபாசில்லஸ் நுண்ணுயிரையும் அதற்கு உணவாகும் சர்க்கரையையும் ஏழு நாட்கள் புகட்டினர். கிருமி ரத்தத்தில் பரவி உண்டாகும் கடும் நோயும் மரணமும் மற்றப் பிரிவில் நூற்றுக்கு 9 ஆக இருக்க, இப்பிரிவில் 5.4 ஆகக் குறைந்தன. 2017-இல் வெளியான இம்முடிவைக் கொண்டு, கடையில் விற்கும் ஏதேனும் ஒரு புட்டியை வாங்கிக் குழந்தைக்குப் புகட்டலாகாது. சோதிக்கப்பட்டது ஒரு குறிப்பிட்ட நுண்ணுயிரே.

விவசாய அங்கத்தினர்கள் கருதத்தக்க செய்தி டாக்கா நகரின் மீர்ப்பூர்ப் பகுதியிலிருந்து வந்தது. போஷாக்குக் குறைந்த குழந்தைகளின் குடல் நுண்ணுயிர்கள் வயதுக்கேற்ப முதிராமல் இருப்பதை 2014-இல் அங்குக் கண்டனர். பின்னர் கொண்டைக்கடலை, சோயா, நிலக்கடலை, வாழைக்காய் இவற்றைச் சேர்த்து ஓர் உணவு தயாரித்து, 12 முதல் 18 மாதக் குழந்தைகளுக்கு மூன்று மாதங்கள் அளித்தனர். வழக்கமான சத்துணவைவிடக் கலோரி குறைவாக இருந்தும், இதனை உண்டோர் விரைந்து தேறினர் என 2021-இல் அறிவித்தனர். நம் வயல்களிலும் விளையும் பண்டங்கள் இவை!

சங்கம் வட்டிக் கணக்குப் பார்க்குமா, தொட்டில் ஆட்டுமா என்று சிலர் வினவலாம். தொட்டிலருகே தாய் இருப்பதற்கு வழிசெய்ய வேண்டும் என்பதே என் விடை. 2017-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால், தொழிற்சாலை, அலுவலகப் பெண்களுக்கு முதல் இரு மகப்பேறுகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்புக் கிடைத்தது. வீட்டில் தறி நெய்பவளும் தார் சுற்றுபவளும் அதன் வரம்பில் வரவில்லை. தறி நின்றால் கூலி நின்றது. ஆகவே குழந்தையைப் பிறர் கையில் விட்டு, சர்க்கரைத் தண்ணீரையும் புட்டிப்பாலையும் நம்பித் தறிக்குத் திரும்புகிறாள். நாற்றங்காலில் களை புகுவது இங்குதான்.

ஆகையால் ஒவ்வொரு சங்கமும் மகாசபையில் மூன்று காரியங்களை ஆலோசிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். முதலாவது, பிரசவித்த அங்கத்தினருக்கு ஆறு மாத காலம் கடன் தவணையை ஒத்திவைத்து, பொதுநல நிதியிலிருந்து கூலியின் ஒரு பகுதியையேனும் அளித்தல். இரண்டாவது, சீம்பாலை வீணாக்காமை, ஆறு மாதம் வரை தாய்ப்பாலன்றி வேறொன்றும் ஊட்டாமை, டாக்டர் எழுதித் தராமல் ஆன்டிபயாடிக் மருந்து கொடாமை ஆகியவற்றைக் கிராம நர்சைக் கொண்டு எடுத்துரைத்தல். மூன்றாவது, ஆறு மாதம் நிரம்பிய குழந்தைகளின் இணை உணவுக்குப் பயறு, கடலை, வாழை முதலியவற்றைப் பண்டகசாலையில் நியாய விலைக்குக் கிடைக்கச் செய்தல்.

இதற்கு ஆகும் செலவு பெரிதன்று. நூலிருப்பையும் விதையிருப்பையும் காத்துப் பேணும் நாம், நாளைய அங்கத்தினர்களின் வயிற்றையும் பேணக் கடமைப்பட்டிருக்கிறோம்.