எலும்பின் சாட்சியம்

ஒருவனுடைய மூட்டையில் ஓர் எலும்பு அகப்படுகிறது. அது புலியினுடையது என்று வன இலாகா உத்தியோகஸ்தர் சொல்கிறார். செத்துப்போன வீட்டெருமையினுடையது என்று அவன் சொல்கிறான். புலியினுடையதானால், 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மூன்று வருஷத்துக்குக் குறையாமல் ஏழு வருஷம் வரையில் அவனுக்குச் சிறைவாசம். எருமையினுடையதானால் குற்றம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு மனிதனுடைய ஜீவிதத்தில் ஏழு வருஷமும், அருகிவரும் ஒரு மிருக ஜாதியின் க்ஷேமமும், ஒரு முழ நீள எலும்பு எந்த மிருகத்தினுடையது என்ற ஒரே கேள்வியைப் பற்றிக்கொண்டு நிற்கின்றன. அக்கேள்விக்குத் தக்க விடை சொல்லும் வசதி நமது தேசத்தில் போதுமான அளவுக்கு இருக்கிறதா என்பதே இன்று நாம் கவனிக்க விரும்பும் விஷயம்.

மேற்படி சட்டத்தின் 57-வது பிரிவு சாதாரணமானதன்று. குற்றத்தை ருஜுப்படுத்தும் பாரம் வாதித்தரப்பைச் சேர்ந்தது என்பது நாம் அறிந்த நியாயம். இந்தப் பிரிவோ, வனவிலங்கின் உறுப்பொன்று ஒருவனிடத்தில் இருக்கக் கண்டால், அவன் அதைச் சட்டவிரோதமாகவே வைத்திருக்கிறான் என்று அனுமானித்துக்கொண்டு, அப்படியன்று என்று காட்டும் பாரத்தை அவன் தலையிலேயே ஏற்றுகிறது. இதை நாம் ஆக்ஷேபிக்கவில்லை. நடுக்காட்டில் நள்ளிரவில் நடக்கும் கொலைக்குச் சாட்சி தேடிக்கொண்டிருந்தால் புலி மிஞ்சாது. ஆனால் இவ்வளவு கடுமையான அனுமானம் எப்பொழுது பிறக்கிறது? அந்த எலும்பு வனவிலங்கினுடையதுதான் என்று ஸ்தாபிக்கப்பட்ட பிறகல்லவா? அந்த முதற்படியில் தவறு நேர்ந்தால் அதன் மேல் கட்டிய அனைத்தும் அநீதியாகும். நிபுணரின் அபிப்பிராயத்தைக் கோர்ட்டார் ஏற்கலாம் என்று 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் 45-வது பிரிவில் சொல்லிற்று. அதற்குப் பதிலாக 2024-ம் வருஷம் ஜூலை மாதம் முதல் அமலுக்கு வந்திருக்கும் புதிய சட்டமும் 39-வது பிரிவில் அதையே சொல்லுகிறது. சட்டம் நிபுணருக்கு ஆசனம் போட்டு வைக்கலாம். நிபுணரைச் சிருஷ்டிக்க அதனால் ஆகாது.

எலும்பெல்லாம் எலும்புதானே, பார்த்தால் தெரியாதா என்று சிலர் நினைக்கலாம். பார்த்தால் தெரியாது என்பதற்கு அந்தத் திருட்டு வியாபாரமே அத்தாட்சி. சீன தேசத்து வைத்தியத்தில் புலியெலும்புக்கு நெடுங்காலமாகக் கிராக்கி உண்டு. அத்தேசத்துச் சர்க்கார் 1993-ம் வருஷத்தில் அவ்வியாபாரத்தைத் தடுத்தார்கள். அதே வருஷம் தில்லியில் ஒரே தடவையில் 287 கிலோ புலியெலும்பு கைப்பற்றப்பட்டது. விலை ஏறிய சரக்கில் கலப்படம் நுழையாமல் இருக்குமா? மாட்டெலும்பும் கரடியெலும்பும் புலியெலும்பென்ற பெயரால் விலைபோயின. ஆகவே ஏமாறாமலிருக்க அவ்வூர் மருந்து வியாபாரிகள் ஓர் அடையாளத்தைக் கைக்கொண்டார்கள். புலியின் முன்னங்காலில், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவிலுள்ள எலும்பின் கீழ்முனையில், உட்புறமாக, ஊசித் துவாரம் போல நீண்ட ஒரு கண் உண்டு. உயிரோடிருக்கையில் ஒரு நரம்பும் இரத்தக் குழாயும் அதன் வழியே செல்கின்றன. பீனிக்ஸ் பறவையின் கண் என்று அதற்கு அவர்கள் பெயரிட்டார்கள். மாட்டுக்கும் எருமைக்கும் அந்தக் கண் கிடையாது. நமது காட்டுக் கரடிக்கும் கிடையாது. உடற்கூறு சாஸ்திரிகள் பூனைக் குடும்பத்தின் லக்ஷணமாக எண்ணும் அதே துவாரத்தைக் கள்ளச் சந்தையின் கல்லாவிலிருந்தவன் தானாகவே கண்டு வைத்திருக்கிறான்!

நிற்க. இந்த ஒரு துவாரத்தைக் கொண்டு வழக்கைத் தீர்த்துவிட முடியுமா? முடியாது. பூனைக் குடும்பத்தின் பொது லக்ஷணமாதலால் சிறுத்தைக்கும் அது உண்டு. பருமனைப் பார்த்துப் பிரிக்கலாமென்றால், வளர்ச்சி முடியாத புலியின் எலும்பும் முதிர்ந்த ஆண் சிறுத்தையின் எலும்பும் அளவில் நெருங்கி வரும். அப்பொழுது எலும்பின் நுனிகள் தண்டோடு ஒட்டி இறுகியிருக்கின்றனவா, இன்னும் தனித்து நிற்கின்றனவா என்று பார்த்து வயதை நிதானிக்க வேண்டும். சிங்கத்தையும் புலியையும் தோலுரித்துவிட்டால் வித்தியாசம் காண்பது இன்னும் கடினம். கீழ்த்தாடையைச் சமதளமான மேஜைமீது வைத்தால் சிங்கத்தினுடையது முன்னும் பின்னுமாக ஆடும். புலியினுடையது பொதுவாக அசையாமல் நிற்கும். மண்டையோட்டில், புலியின் நாசி எலும்புகள் பக்கத்துத் தாடை எலும்பின் நுனியைத் தாண்டி மேலே ஏறியிருக்கும், சிங்கத்துக்கு அவ்வாறில்லை. தாடையும் மண்டையும் கிடைத்தாலல்லவா இதெல்லாம்? திருடர்கள் முழு எலும்புக்கூட்டையா மூட்டை கட்டுகிறார்கள்? ஒரு சாக்கில் எத்தனை புலிகள் கிடக்கின்றன என்று அறிவதற்குக்கூட, ஒரே வகை எலும்பை, ஒரே பக்கத்தைச் சேர்ந்ததை, வலக்காலானால் வலக்காலையே எண்ணிப் பார்க்க வேண்டும். வலமெது இடமெது என்று பிரித்தறியாதவன் ஒரு புலியை இரண்டாகவும் இரண்டை ஒன்றாகவும் எழுதிவிடுவான்.

தவறு மனிதர் விஷயத்திலும் நேரும். தோலுரித்த கரடியின் பாதம் மனிதனுடைய கையையோ காலையோ அப்படியே ஒத்திருக்கும். நகங்கள் தோலோடு போய்விடுவதால் மிருகத்தின் அடையாளம் மறைந்துவிடுகிறது. பிற தேசங்களில் இதைக் கண்டு போலீஸார் கொலை நடந்ததென்று விசாரணை தொடங்கியதுண்டு. கூர்ந்து பார்த்தால், மனிதன் காலில் உட்புறத்து விரலே பெருவிரல். கரடியிடத்தில் உட்புறத்து விரல்தான் சிறியது, பருமன் வெளிப்புறத்தில் இருக்கிறது. தெரிந்தவனுக்கு இது ஒரு நிமிஷ வேலை. தெரியாத இடத்தில் ஒரு கிராமமே சந்தேகத்துக்கு உள்ளாகும்.

இந்த அறிவு எப்படிக் கிடைக்கிறது? புஸ்தகத்திலிருந்து மாத்திரமன்று. தெரிந்த எலும்பைப் பக்கத்தில் வைத்துத் தெரியாத எலும்பை ஒத்துப் பார்ப்பதைத் தவிர வேறு மார்க்கமே இல்லை. இதற்கு நமது தேசத்துச் சரித்திரத்திலேயே சிறந்த திருஷ்டாந்தம் இருக்கிறது. பதினாலாம் நூற்றாண்டில் தில்லி சுல்தான் பிரோஸ் ஷா துக்ளக் கால்வாய்க்காக ஒரு குன்றை வெட்டியபோது பெரிய பெரிய எலும்புகள் அகப்பட்டன. அவற்றில் சில யானையினுடையவை, சில மனிதனுடையவை என்றும், மனிதனுடைய முன்கை எலும்பு மூன்று கஜ நீளமிருந்ததென்றும் பெரிஷ்டாவின் சரித்திரம் கூறுகிறது. யானையை நாள்தோறும் பார்த்தவர்களாதலால் யானையெலும்பைச் சரியாகவே கண்டுகொண்டார்கள். ஒத்துப் பார்க்க எதுவுமில்லாத எலும்பு ராக்ஷஸ மனிதனுடையதாகிவிட்டது! சிவாலிக் மலைவாசிகள் அத்தகைய கல்லெலும்புகளை மின்னலெலும்பு என்று அழைத்து வந்தார்கள்.

1830-களில் ஸஹாரன்பூர் தாவரத் தோட்டத்து அதிகாரியாயிருந்த டாக்டர் ஹியூ பால்கனரும், கால்வாய் என்ஜினீயரான புரோபி காட்லியும் அம்மலைகளில் அவற்றைத் திரட்டலானார்கள். ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால்தான் பொருட்காட்சிசாலை. என்ன செய்தார்கள்? புலி, எருமை, மான், முதலை என்று சுற்றிலுமிருந்த பிராணிகளைத் தேடிப் பிடித்து, மாமிசத்தைக் களைந்து, எலும்புக்கூடுகளைத் தயாரித்து, தாங்களே ஒரு காட்சிசாலையை உண்டாக்கிக்கொண்டார்கள். அந்த ஒப்புநோக்கின் பலனாகத்தான் சிவபெருமான் திருநாமத்தைக் கொண்ட சிவதேரியம் என்ற பெருமிருகத்தை 1836-ம் வருஷத்தில் உலகத்துக்கு அறிவித்தார்கள். யானைக்கும் அசைபோடும் மிருகங்களுக்கும் இடைப்பட்டதோ என்று அவர்கள் ஐயுற்ற அந்த நான்கு கொம்புப் பிராணி ஒட்டகச்சிவிங்கியின் உறவினம் என்று பிற்பாடு தெளிந்தது. 1837-ல் லண்டன் பூகர்ப்ப சாஸ்திர சங்கம் இருவருக்கும் பதக்கம் அளித்தது. அவர்களுடைய உழைப்பை நாம் மனமாரப் போற்றுகிறோம். எலும்புகள் என்னவாயின? கப்பலேறின. நமது மண்ணிலிருந்து எடுத்த அப்பொக்கிஷத்தின் பெரும்பகுதியை ஒத்துப் பார்க்க விரும்பும் இந்திய மாணாக்கன் இன்றும் லண்டன் மாநகருக்குத்தான் பிரயாணமாக வேண்டும்.

இதைச் சொல்லும்போது நம்மவர் சிலர் உற்சாகமடையக்கூடும். அவர்களுக்கு ஒரு வார்த்தை. காட்சிசாலை இருந்தால் மட்டும் போதாது. 1912-ம் வருஷத்தில் பில்ட்டவுன் என்ற ஊரில் ஆதி ஆங்கிலேயனுடைய மண்டையும் தாடையும் அகப்பட்டன என்று இங்கிலாந்து முழங்கிற்று. 1915-ம் வருஷத்திலேயே ஜெரிட் மில்லர் என்ற அமெரிக்கர் அந்தத் தாடை குரங்கினத்தைச் சேர்ந்தது என்று எழுதினார். கேட்பாரில்லை. மனிதனுடைய மண்டையோடு சாயமேற்றிய ஒராங்குட்டான் தாடையைச் சேர்த்து, பற்களை அரத்தால் ராவி வைத்த மோசடி அது என்று 1953-ல்தான் வெட்டவெளிச்சமாயிற்று. உலகத்தில் சிறந்த எலும்புச் சேகரத்தைக் கையில் வைத்துக்கொண்டே நாற்பத்தொரு வருஷம் ஏமாந்தார்கள்! முதல் மனிதன் தங்கள் ஊரில் பிறந்திருக்க வேண்டும் என்ற ஆசை கண்ணை மறைத்தது.

நாம் சிரிப்பதற்கு முன் நமது வீட்டையும் பார்ப்போம். வட இந்தியாவில் கடோற்கசனுடைய எலும்புக்கூடு அகப்பட்டதென்று 2007-ம் வருஷத்தில் ஒரு படம் ஊரெங்கும் பரவிற்று. நமது பத்திரிகையொன்றும் அதைப் பிரசுரித்தது. அது 2002-ல் நடந்த ஒரு கணினிச் சித்திரப் போட்டிக்காகத் தயாரித்த படம். அடியிலிருந்த அசல் புகைப்படமோ, 2000-ம் வருஷத்தில் அமெரிக்காவில் நியூயார்க் ராஜ்யத்தில் தோண்டியெடுத்த மாஸ்டடான் என்ற பண்டைய யானையினத்தின் எலும்புக் குழி! பிரோஸ் ஷாவின் வேலையாட்கள் யானையையாவது யானை என்று சொன்னார்கள். நாம் அதையும் கோட்டைவிட்டோம்.

தமிழருக்கும் இவ்விஷயத்தில் பழைய சம்பந்தம் ஒன்றுண்டு. நரிக்கொம்பைக் கையில் வைத்திருப்பவன் வழக்கில் தோற்கமாட்டான் என்று இலங்கைத் தமிழரும் சிங்களவரும் நம்புவதை, அத்தீவில் உத்தியோகம் வகித்த ஸர் எமர்ஸன் டென்னண்ட் 1861-ம் வருஷத்துப் புஸ்தகத்தில் எழுதியிருக்கிறார். அபூர்வமாக நரியின் மண்டையில் பின்புறமாகச் சிறு எலும்பு முளை வளர்வதுண்டு என்றும், அப்படிப்பட்ட மண்டையோடு லண்டன் ரண சிகிச்சைக் கலாசாலையில் இருந்ததென்றும் அவரே குறிக்கிறார். தெருவில் விற்பதெல்லாம் தோலும் மயிரும் சுருட்டி ஒட்டியது. வழக்கு ஜயிப்பது அவ்வளவு சுலபமாயின் வக்கீல்கள் சங்கத்தை மூடிவிட்டு நரிவேட்டைக்குப் புறப்பட வேண்டியதுதான்.

இப்பொழுதுதான் மரபணுப் பரிசோதனை வந்துவிட்டதே, எலும்பை எதற்காகத் தடவிப் பார்க்க வேண்டும் என்று கேட்பார்கள். டேராடூனில் 1982-ல் ஸ்தாபித்த இந்திய வனவிலங்கு ஸ்தாபனமும், ஹைதராபாத் ஆராய்ச்சிசாலையும் இதில் அரிய சேவை செய்துவருகின்றன. ஆனால் அவித்த எலும்பிலும் சுட்ட எலும்பிலும் மரபணு அழிந்துபோவதுண்டு. மேலும் மரபணுவும் ஒப்புநோக்கியே முடிவு சொல்கிறது. இன்னது புலி என்று ஐயமற அறிந்த மாதிரி முதலில் வேண்டும். அவ்வாறிருக்க, அகப்படும் ஒவ்வொரு துண்டையும் அங்கே அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதென்றால், அதுவரையில் எருமையெலும்பு வைத்திருந்த ஏழை சிறையில் கிடப்பான். அறிக்கையில் ஜாதி தெளிவாகவில்லை என்று வந்தால் மெய்யாகவே புலியைக் கொன்ற மொத்த வியாபாரி வெளியே நடந்துபோவான். நீர் உமது கையால் எத்தனை புலியெலும்புக்கூடுகளை எடுத்துப் பார்த்திருக்கிறீர் என்று எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் கேட்டால், விழிக்காமல் பதில் சொல்லக்கூடிய மனிதர் ஒவ்வொரு மாகாணத்திலும் வேண்டாமா?

அவர்களைப் பயிற்றுவிக்க எலும்பு வேண்டும். மிருகக் காட்சிசாலைகளில் மூப்பினாலும் நோயினாலும் மிருகங்கள் சாகின்றன. காட்டுப் பாதைகளில் மோட்டார் வண்டிகளில் அடிபட்டு மானும் கரடியும் மடிகின்றன. காட்டில் செத்த புலியைப் பரிசோதனைக்குப் பின் பலர் முன்னிலையில் முழுவதும் எரித்துவிட வேண்டும் என்பது புலிப் பாதுகாப்பு அதிகாரிகளின் விதி. கள்ளச் சந்தைக்கு ஒரு பல்கூடப் போகக் கூடாதென்ற அந்த நோக்கம் நியாயமானதே. ஆயினும் பத்தில் ஒன்றையாவது, வயது, ஆண்பெண், கிடைத்த இடம் இவற்றைக் குறித்து, முத்திரையிட்டு, கணக்கில் வைத்து, ஒரு பொதுச் சேகரத்துக்குக் கொடுப்பதனால் கெடுதல் என்ன? பொருட்காட்சிசாலைகளுக்காக மாதிரிகளைச் சேகரிக்க அனுமதியளிக்கும் அதிகாரம் அதே சட்டத்தின் 12-வது பிரிவிலேயே இருக்கிறது. புதுச் சட்டம் ஒன்றும் இயற்ற வேண்டியதில்லை. கல்கத்தாவில் 1916 முதல் இருந்துவரும் மிருக சாஸ்திர ஆராய்ச்சி இலாகாவின் சேகரம் பெரிது; சத்தியமங்கலத்தில் எலும்பைப் பிடித்த ரேஞ்சர் அதை எடுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் ஓட முடியுமா?

நமது மாகாணத்தில் சென்னையில் ஒன்றும், மலைகளை ஒட்டிய கோயம்புத்தூரில் ஒன்றுமாக இரண்டு எலும்புச் சேகரங்கள் உடனே வேண்டும். புலி, சிறுத்தை, கரடி, செந்நாய், கடமான், காட்டெருமை இவற்றோடு, வீட்டு மாடு, எருமை, ஆடு, நாய், பன்றி இவற்றின் எலும்புக்கூடுகளும் குட்டி முதல் கிழம் வரையில் அங்கே வரிசையாக இருக்க வேண்டும். வழக்கில் தகராறு பெரும்பாலும் காட்டு மிருகத்துக்கும் வீட்டு மிருகத்துக்கும் இடையிலேதான். மிருக வைத்தியக் கலாசாலை ஆசிரியர்கள் இதைத் தொடங்கத் தகுதியுள்ளவர்கள். சட்டசபையில் அடுத்த முறை வன இலாகா மானியக் கோரிக்கை வரும்போது, இதற்கென்று எவ்வளவு தொகை ஒதுக்கியிருக்கிறார்கள் என்று உங்கள் தொகுதி அங்கத்தினரைக் கொண்டு மந்திரியைக் கேட்கச் செய்யுங்கள்.