பரிசு மட்டும் போதுமா?

அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் 1953ஆம் ஆண்டு தம் மகளின் கணித வகுப்பைக் காணச் சென்றார். அங்கு இரண்டு குறைகளைக் கண்டார். எல்லா மாணவர்களும் ஒரே வேகத்தில் கற்க வேண்டியிருந்தது. எழுதிய விடை சரியா என்பதை அறிய மறுநாள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எனவே, விடையை உடனுக்குடன் காட்டும் கற்பித்தல் கருவியை அவர் உருவாக்கினார். நற்பலன் தரும் செயலை மனிதர் மீண்டும் செய்வர் என்பதே அவரது நடத்தையியல் கோட்பாட்டின் அடிப்படை.

இன்று வகுப்பறையில் கிடைக்கும் பாராட்டும் நட்சத்திர ஒட்டுவில்லையும் இக்கோட்பாட்டை ஒட்டியவையே. வாய்பாட்டை மனனம் செய்யவும் வீட்டுப்பாடத்தை நேரத்தோடு முடிக்கவும் இவை உதவுகின்றன.

எனினும், பரிசுக்கும் எல்லை உண்டு. அமெரிக்காவில் 1973இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், வரைவதில் ஆர்வமுள்ள பாலர்பள்ளிக் குழந்தைகள் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே கூறப்பட்டது. பின்னர்ப் பரிசு இல்லாதபோது, அவர்கள் மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே வரைந்தனர்.

ஆகவே, தயங்கும் மாணவரைத் தொடங்க வைக்கப் பரிசு பயன்படட்டும். ஆர்வத்தோடு செய்யும் செயலுக்கு அது கூலியாகிவிடக் கூடாது. எது சரி, எது பிழை என்று ஆசிரியர் உடனே சுட்டிக்காட்டுவதே சிறந்த ஊக்குவிப்பு. புரிந்துகொண்ட மகிழ்ச்சியே மாணவரைத் தொடர்ந்து கற்கத் தூண்டும்.