எது அசல் கேசட்?

தாமஸ் டால்பி என்ற பெயர் நம்ம தூத்துக்குடியில் அதிகம் பேருக்குத் தெரிந்திருக்காது. ஆங்கிலப் பாட்டுக்காரர். 1958-ல் லண்டனில் பிறந்தவர். அப்பா கிரேக்கக் கலை வரலாற்றில் பேர்பெற்ற பேராசிரியர். இவருடைய சொந்தப் பெயர் தாமஸ் ராபர்ட்சன். சின்ன வயதில் எந்நேரமும் டேப் ரெக்கார்டரும் கையுமாகத் திரிந்ததால் கூட்டாளிகள் வைத்த பட்டப்பெயர்தான் டால்பி. பழைய கேசட் டெக்கில் இரட்டை ‘டி’ அடையாளத்தோடு போட்டிருக்குமே, அதே டால்பிதான். பின்னாளில் அந்தக் கம்பெனிக்கும் இவருக்கும் பெயரால் தகராறு வந்து, ‘தாமஸ்’ என்பதோடு சேர்த்துத்தான் அதைப் பயன்படுத்துவது என்று சமரசம் ஆனது.

1982 மே மாதம் இவருடைய முதல் ஆல்பம் வந்தது. பெயர் ‘தி கோல்டன் ஏஜ் ஆஃப் வயர்லெஸ்’. வயர்லெஸ்ஸின் பொற்காலம். முழுக்க சிந்தசைசர் வைத்துச் செய்த இசை என்று சொல்லிவிட முடியாது; ஒரு பாட்டில் மவுத் ஆர்கன்கூட வரும். ஆனாலும் அந்தக் காலத்து சிந்த் பாப் வரிசையில்தான் எல்லோரும் இதை வைக்கிறார்கள். நாற்பது வருடம் தாண்டியும் இதன் ரசிகர்கள் ஒரு கேள்வியில் ஒத்துப்போகவே இல்லை. இந்த ஆல்பத்தில் எது அசல்?

சண்டைக்குக் காரணம் இதுதான். இங்கிலாந்தில் முதலில் வந்ததில் ஒன்பது உருப்படிகள். ‘ஃப்ளையிங் நார்த்’ என்று விமானத்தில் ஏறித் தொடங்கி, ‘கிளவுட்பர்ஸ்ட் அட் ஷிங்கிள் ஸ்ட்ரீட்’ என்று கடற்கரையில் முடியும். அதையே அமெரிக்காவில் வெளியிட்டபோது, பெரும்பாலும் வாத்திய இசையாகவே போகும் ‘தி ரெக் ஆஃப் தி ஃபேர்சைல்ட்’ என்பதை எடுத்துவிட்டார்கள். இரண்டு பழைய பாட்டுகளைச் சேர்த்து வரிசையையும் மாற்றினார்கள். ‘ரேடியோ சைலன்ஸ்’ பாட்டுக்கு கிட்டார் தூக்கலாக வேறொரு வடிவம் போட்டார்கள்.

அதற்குள் டால்பி ‘ஷி பிளைண்டட் மீ வித் சயன்ஸ்’ என்று ஒரு தனிப் பாட்டு வெளியிட்டார். இங்கிலாந்தில் அது முதல் நாற்பதுக்குள்ளேயே வரவில்லை. அமெரிக்காவில் 1983-ல் ஐந்தாம் இடம் வரை ஏறிவிட்டது. தொலைக்காட்சியில் அறிவியல் பேசிப் பிரபலமான மேக்னஸ் பைக் என்ற பெரியவர் அந்தப் பாட்டின் நடுநடுவே தொண்டை கிழியக் கத்துவார். வீடியோவிலும் அவர்தான் வேடிக்கை. பாட்டு ஓடியதும் கம்பெனிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1983-ல் மறுபடியும் ஒரு பதிப்பு. இந்த முறை முதல் பாட்டே ‘சயன்ஸ்’. கடைசிக்கு முன்னால் ‘ஒன் ஆஃப் அவர் சப்மரைன்ஸ்’ என்ற இன்னொரு பாட்டையும் சேர்த்தார்கள்.

அப்போது நான் கப்பலில் ரேடியோ ஆபீசர். என்னிடம் இருந்தது 1982 கடைசியில் ஃபீலிக்ஸ்டோ துறைமுகத்தில் வாங்கிய இங்கிலாந்து கேசட். எங்கள் செகண்ட் இன்ஜினியர், கொல்லத்துக்காரர், மறு வருடம் ஹூஸ்டனில் வாங்கி வந்தது அமெரிக்க கேசட். அட்டையில் ஒரே பெயர், உள்ளே வேறு வேறு பாட்டு. ஆறு மாதம் இதை வைத்தே எங்களுக்குச் சாப்பாட்டு மேசையில் பொழுது போனது.

அவர் கட்சி லேசானதல்ல. “ஸ்பார்க்ஸ், நீங்க மேலே ஏசி ரூம்ல உட்கார்ந்து வரிசை மாறாம கேட்பீங்க. நான் நாற்பத்தஞ்சு டிகிரி சூட்டுல வாட்ச் முடிச்சு ஏறி வர்றேன். எனக்கு முதல்ல ஆடுறதுக்கு ஒரு பாட்டு வேணும்” என்பார். அந்த ஒரு பாட்டு இல்லாவிட்டால் டால்பி என்று ஒருவர் இருப்பதே உலகத்துக்குத் தெரிந்திருக்காது என்றும் சொல்வார். அமெரிக்க ரசிகர்களில் பாதிப் பேர் இன்றும் சொல்வது இதைத்தான்.

எதிர்க்கட்சிக்காரர்கள் பழைய இங்கிலாந்துத் தட்டை வேதம் மாதிரிப் பிடித்துக்கொள்வார்கள். ஒன்பதுக்கு மேல் ஒன்று கூடினாலும் தீட்டு.

நான் இரண்டு கட்சியிலும் இல்லை. பதிப்புத் தேதியை வைத்தோ விற்பனையை வைத்தோ இதைத் தீர்க்க முடியாது. அந்த ஆல்பம் எதைப் பற்றியது என்று கேட்டால் தானாகத் தீர்ந்துவிடும்.

அது போய்க்கொண்டிருக்கும் ஒரு காலத்தைப் பற்றியது. ‘ஏர்வேவ்ஸ்’, ‘ரேடியோ சைலன்ஸ்’ என்று பாட்டின் பெயர்களே சொல்கின்றன. ‘விண்ட்பவர்’ பாட்டு முடியும்போது பிபிசி பாணியில் கப்பல்களுக்கான வானிலை அறிக்கையை ஒருவர் வாசிப்பார். மற்றவர்களுக்கு அது அலங்காரம். தினம் அதைக் காதில் மாட்டிப் பென்சிலால் எழுதி கேப்டனிடம் கொடுத்தவனுக்கு அது வேலை.

ரேடியோ சைலன்ஸ் என்பதும் வெறும் அழகான சொல் அல்ல. எங்கள் ரேடியோ அறைக் கடிகாரத்தில் 15 முதல் 18 நிமிடம் வரை, 45 முதல் 48 நிமிடம் வரை சிவப்புப் பட்டை போட்டிருக்கும். ஒவ்வொரு மணியிலும் அந்த இரண்டு மூன்று நிமிடங்கள் 500 கிலோஹெர்ட்ஸில் யாரும் சாவியைத் தட்டக் கூடாது. எல்லாக் கப்பலும் வாயை மூடிக்கொண்டு, எங்காவது பலவீனமாக ஓர் ஆபத்துக் குரல் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கும். கடலிலேயே பெரிய மரியாதை அந்த மௌனம்தான்.

கடைசிப் பாட்டில் வரும் ஷிங்கிள் ஸ்ட்ரீட்டும் நிஜ ஊர். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், சஃபோக்கில், கூழாங்கல் கடற்கரையில் சில வீடுகள். 1940-ல் போருக்காக ஊரையே காலி செய்தார்கள். அதற்குப் பக்கத்தில்தான் ரேடாரை வளர்த்தெடுத்த பாட்சி இருக்கிறது. பாட்சிக்கு ஆற்றின் இந்தக் கரையில் ஃபீலிக்ஸ்டோ. வயர்லெஸ்ஸின் பொற்காலம் என்று ஒருவர் ஆல்பம் போட்டு அதை அந்தக் கரையில் கொண்டுபோய் முடிக்கிறார் என்றால், அதில் ஒரு கணக்கு இருக்கிறது.

இந்த அளவுகோலை வைத்துப் பாருங்கள். ‘சயன்ஸ்’ பாட்டு நல்ல கும்மாளம். நானும் தாளம் போட்டிருக்கிறேன். ஆனால் அது கல்யாண வீட்டு மேளம். அதைத் துக்க வீட்டு வாசலில் நிறுத்தினால் உள்ளே வருகிறவன் எந்த மனநிலையோடு வருவான்? சிரித்துக்கொண்டே நுழைந்தவனுக்கு ‘ஃப்ளையிங் நார்த்’தின் தனிமை பிடிபடாது. டால்பியை ஒரே பாட்டுக்காரர், கோமாளி விஞ்ஞானி என்று ஒரு தலைமுறை முத்திரை குத்தியது இந்த வாசல் மாற்றத்தால்தான். வாசலைத் திறந்துவிட்ட பாட்டே வீட்டை மறைத்துவிட்டது.

‘ஒன் ஆஃப் அவர் சப்மரைன்ஸ்’ அப்படியல்ல. இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பலில் இறந்துபோன தன் குடும்பத்துப் பெரியவரை நினைத்து டால்பி எழுதியது. தகவல் வராத ஒரு கப்பலின் கதை. பழைய ஒன்பதில் அது இல்லை. இருந்தாலும் அந்த ஆல்பத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது என்பேன். தாமதமாகப் பிறந்த பிள்ளை என்பதற்காகக் குடும்பத்தில் சேர்க்காமல் இருப்போமா? ஆகவே இங்கிலாந்துக் கட்சிக்கு நான் சொல்வது: வரிசை உங்களுடையது சரி, எண்ணிக்கை சரியில்லை. கொல்லத்துக்காரருக்குச் சொல்வது: உங்கள் கேசட்டின் முதல் பாட்டைப் பிடித்தீர்கள், ஒன்பதாவதை விட்டுவிட்டீர்கள்.

2009-ல் பழைய இங்கிலாந்து வரிசையை மீட்டு, மற்றதையெல்லாம் பின்னால் சேர்த்து ஒரு பெரிய பதிப்பு வந்தது. சண்டை தீர்ந்தது என்றார்கள். இப்போது போனில் கேட்கிறவர்களுக்குச் சண்டையே கிடையாது. ஒவ்வொரு பாட்டும் தனித்தனி. இது எனக்கு உவப்பாக இல்லை. நம் காலத்தில் ரெக்கார்டிங் சென்டரில் டிடிகே அறுபது கொடுத்துப் பாட்டுப் பட்டியல் எழுதும்போது, எதற்குப் பின் எது என்று எவ்வளவு நேரம் யோசிப்போம்! எந்தப் பாட்டு எங்கே இருக்க வேண்டும் என்று சண்டை போடுகிறவன்தான் முழுதாகக் கேட்டவன். செகண்ட் இன்ஜினியரோடு எனக்குக் கருத்து ஒத்துப்போகவில்லை. ஆனால் அவரளவு கூர்ந்து கேட்டவரை நான் பிறகு பார்க்கவில்லை.

1999 பிப்ரவரியோடு கப்பல்களில் மோர்ஸ் சாவிக்கு வேலை இல்லாமல் போனது. செயற்கைக்கோள் வந்தது, ரேடியோ ஆபீசர் பதவி போனது. இதில் வேடிக்கை ஒன்று உண்டு. டால்பி கலிபோர்னியாவுக்குப் போய் பீட்னிக் என்று ஒரு கம்பெனி தொடங்கினார். நோக்கியா போன்களில் பல சுரங்களோடு மணி அடித்ததே, அந்த ஒலியை எழுப்பிய மென்பொருள் அவருடைய கம்பெனியுடையது. பழைய வயர்லெஸ்ஸுக்கு ஒப்பாரி வைத்தவரே புது வயர்லெஸ்ஸுக்குக் குரலும் கொடுத்திருக்கிறார். நம்மில் பலர் அவர் பெயரே தெரியாமல் அவரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறோம்.

கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. முதல் ஒன்பதைப் பழைய வரிசையிலேயே கேளுங்கள். ஷிங்கிள் ஸ்ட்ரீட் முடிந்ததும் மூன்று நிமிடம் எதையும் போடாதீர்கள். அதன் பிறகு ‘சப்மரைன்ஸ்’. ‘சயன்ஸ்’ பாட்டை இன்னொரு நாள், பேரப்பிள்ளைகள் வந்திருக்கும்போது, சத்தமாகப் போட்டுக்கொள்ளலாம்.